‘ஃபார்மேட் பண்ணவா?’ன்னு கேட்டா ‘நோ’ சொல்லுங்க

முதலிலேயே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருஷம் எங்கள் சிவில் துறை ஆய்வகத்தில், ஒரு எம்.இ. அக்கா எட்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த அளவீடுகளில் ஒரு பெரிய பகுதியை நான் ஒரே கிளிக்கில் அழித்தேன். வைரஸ் இல்லை. கரண்ட் போகவில்லை. ஹார்ட் டிஸ்க்கும் கெட்டுப்போகவில்லை. ஸ்க்ரீனில் வந்த ஒரு கேள்விக்கு ‘எஸ்’ என்று பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

நான் படிப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். “கம்ப்யூட்டர் பசங்கதானே, வந்து என்னன்னு பாருப்பா” என்றார் லேப் அண்ணன். நானும் ஸ்க்ரூடிரைவரோடு போனேன். நம்மில் பலருக்கு ஸ்க்ரூடிரைவர் கையில் வந்துவிட்டால் படிக்காத பாடமும் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு தைரியம் வரும். எனக்கும் வந்தது.

நடந்தது இதுதான். கான்கிரீட் கட்டிகளை அழுத்தி உடைக்கும் இயந்திரத்தோடு இணைந்த கம்ப்யூட்டர் ஒன்று அந்த ஆய்வகத்தில் இருக்கிறது. அதில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. இயந்திரத்தோடு பேசும் கார்டும், அதற்கான சாஃப்ட்வேரும் எக்ஸ்பியில்தான் வேலை செய்யும். உள்ளே இருக்கும் டிஸ்க் ரொம்பச் சின்னது. அளவீடுகளும் விரிசல் விழும் வீடியோக்களும் சேரச் சேர நிறைந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரு 3 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடுவது வழக்கம். அதாவது, அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க் பேக்கப் கிடையாது. இருந்த ஒரே பிரதியே அதுதான். இந்த இடத்திலேயே உங்களுக்குப் பகீர் என்றிருந்தால் நீங்கள் நல்ல இன்ஜினியர்.

ஒருநாள் அந்தப் பெட்டியின் யூஎஸ்பி சர்க்யூட் செத்துப்போனது. நான் பெட்டியைத் திறந்தேன், உள்ளே இருந்த சாதாரண சாட்டா டிஸ்க்கை வெளியே எடுத்தேன், எங்கள் துறையில் இருந்த ஒரு விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் நேராக மாட்டினேன். டிஸ்க் சுற்றியது. சத்தம் எதுவும் இல்லை. ‘ஆஹா, தப்பிச்சோம்’ என்று நினைத்தேன். அடுத்த நொடி அந்தக் கேள்வி வந்தது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால் பார்ட்டிஷன் அளவு 349 ஜிபி என்று காட்டியது. 3 டிபி டிஸ்க்கில் 349 ஜிபியா? ‘சரி, பார்ட்டிஷன் கரப்ட் ஆயிடுச்சு போல. ஃபார்மேட் பண்ணிட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக்கலாம்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எஸ் அழுத்தினேன்.

கரப்ட் எதுவும் ஆகவில்லை. நான் எஸ் அழுத்தும் வரை உள்ளே இருந்த ஒவ்வொரு கோப்பும் முழுசாக, பத்திரமாக இருந்தது. அந்த 349 என்ற எண்ணே அதை எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

349 என்ன சொன்னது?

ஒரு கால்குலேட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். 3 டிபி டிஸ்க் என்றால் சுமார் 3 லட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024-ஆல் வகுத்து எண்ணுவதால் அது 2,794 ஜிபி என்று காட்டும். இப்போது 2,794-ஐ 8-ஆல் வகுங்கள். 349 வரும்.

சரியாக எட்டில் ஒரு பங்கு. கெட்டுப்போன டிஸ்க் இவ்வளவு துல்லியமாகக் கெட்டுப்போகாது. எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். 4096-ஐ 512-ஆல் வகுத்தால் எட்டு.

ஹார்ட் டிஸ்க் தன்னிடம் இருப்பதைப் பைட் பைட்டாகக் கொடுக்காது. செக்டர் என்ற துண்டுகளாகத்தான் கொடுக்கும், வாங்கும். பல பத்தாண்டுகளாக ஒரு செக்டர் என்றால் 512 பைட். பயாஸ், பார்ட்டிஷன் அட்டவணை, டிரைவர், ரெக்கவரி சாஃப்ட்வேர் என்று எல்லாரும் 512-ஐ ஒரு இயற்கை விதி மாதிரி எழுதி வைத்துவிட்டார்கள். டிஸ்க்கின் கொள்ளளவு ஏற ஏற இது வீண் செலவாகத் தெரிந்தது. ஒவ்வொரு செக்டருக்கும் முன்னும் பின்னும் ஓர் இடைவெளி, ஓர் அடையாளம், பிழை திருத்தும் குறியீடு என்று தனித்தனியாக இடம் ஒதுக்க வேண்டும். எட்டுச் சின்ன செக்டர்களைச் சேர்த்து 4096 பைட்டில் ஒரே பெரிய செக்டராக்கினால் அந்தச் செலவு குறையும். சுமார் 89 விழுக்காடாக இருந்த இடப் பயன்பாடு 97 விழுக்காட்டுக்கு ஏறும். பிழை திருத்தமும் வலுவாகும். இதற்குப் பெயர் அட்வான்ஸ்டு ஃபார்மேட். 2009-ன் கடைசியில் கடைக்கு வரத் தொடங்கி, 2011 ஜனவரி முதல் புதிய டெஸ்க்டாப், லேப்டாப் டிஸ்க்குகள் எல்லாம் இப்படித்தான் என்று தயாரிப்பாளர்கள் பொதுவாக ஒப்புக்கொண்டார்கள்.

சரி, 512 மட்டுமே தெரிந்த கோடிக்கணக்கான பழைய கம்ப்யூட்டர்களை என்ன செய்வது? ஒரு பொய் சொன்னார்கள். உள்ளே 4096-ஆக எழுதிக்கொண்டு, வெளியே ‘நான் 512 தான்’ என்று டிஸ்க் சொல்லும். இதற்கு 512இ என்று பெயர். இ என்றால் எமுலேஷன். நல்ல எண்ணத்தில் சொன்ன பொய்தான்.

இப்போது எங்கள் பெட்டிக்கு வருவோம். எக்ஸ்பி பயன்படுத்துவது எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை. அதில் செக்டர் எண்ணை எழுத 32 பிட்தான் இடம். 2-ன் 32-வது அடுக்கு என்றால் சுமார் 429 கோடி செக்டர். ஒன்றுக்கு 512 பைட் என்றால் மொத்தம் 2.2 டிபி. அதற்கு மேல் எண்ணுவதற்கு எண்ணே கிடையாது. அதைத் தாண்டும் ஜிபிடி அட்டவணையை 32 பிட் எக்ஸ்பிக்குப் படிக்கவே தெரியாது. 3 டிபி டிஸ்க்கை உள்ளே மாட்டினால் சில எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் 746 ஜிபி என்று காட்டும். இதுவும் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. 3 டிபியிலிருந்து 2.2 டிபியைக் கழித்தால் மிஞ்சுவது அதுதான். மீட்டர் ஒரு சுற்று முடிந்து மறுபடி சைபரிலிருந்து ஓடியிருக்கிறது.

அந்த எக்ஸ்டர்னல் பெட்டியைச் செய்தவர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தார்கள். எண்ணிக்கை 429 கோடிக்கு மேல் போகக்கூடாது என்றால் ஒவ்வொரு செக்டரையும் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டினால் போயிற்று! யூஎஸ்பி வழியாக வரும் டிஸ்க் ‘என் செக்டர் 4096’ என்று சொன்னால் எக்ஸ்பி ஏற்றுக்கொள்ளும். எம்பிஆரின் எல்லை 2.2-லிருந்து 17.6 டிபிக்கு ஏறிவிடும். அதனால் பெட்டிக்குள் இருந்த சர்க்யூட், டிஸ்க் சொன்ன 512-ஐ மறுபடி 4096 என்று மாற்றிச் சொன்னது.

பாருங்கள்: உண்மையில் 4096. டிஸ்க் வெளியே சொன்னது 512. பெட்டி அதையும் மாற்றிச் சொன்னது 4096. பொய்க்கு மேல் பொய் சொல்லிக் கடைசியில் உண்மையில் வந்து நின்றிருக்கிறது! பார்ட்டிஷன் அட்டவணையில் இருந்த எண்கள் எல்லாம் ‘ஒரு செக்டர் 4096’ என்ற கணக்கில் எழுதப்பட்டவை. நான் பெட்டியைக் கழற்றியதும் அந்த நடு மொழிபெயர்ப்பாளர் போய்விட்டார். விண்டோஸ் 10 அதே எண்களை 512 கணக்கில் படித்தது. அதனால் அளவு எட்டில் ஒரு பங்கு. பார்ட்டிஷன் தொடங்கும் இடமும் எட்டில் ஒரு பங்கு தூரத்தில். அங்கே போய்ப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. ‘எனக்கு இது புரியவில்லை’ என்று சொல்ல வேண்டிய சிஸ்டம், ‘ஃபார்மேட் பண்ணவா?’ என்று கேட்டது.

நான் செய்திருக்க வேண்டியது என்ன? 4096 என்று சொல்லும் அதே வகைப் பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்து மாட்டியிருக்கலாம். அல்லது லினக்ஸில் அந்த டிஸ்க்கை லூப் டிவைஸாக இணைத்து, செக்டர் அளவு 4096 என்று சொல்லியிருக்கலாம். ஒரே வரிக் கட்டளை. எல்லாம் அப்படியே திறந்திருக்கும்.

உடைத்த கட்டியை மறுபடி உடைக்க முடியாது

நான் செய்த குவிக் ஃபார்மேட், கோப்புகளின் பெயரும் முகவரியும் இருந்த பட்டியலின் ஒரு பகுதிக்கு மேல் புதுப் பட்டியலை எழுதிவிட்டது. இரண்டு வாரம் உட்கார்ந்து, ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு, பெயரில்லாத ஆயிரக்கணக்கான கோப்புகளை வெளியே எடுத்தோம். வீடியோக்கள் நிறையக் கிடைத்தன, ஆனால் எது எந்தக் கட்டியுடையது என்று தெரியவில்லை. அளவீட்டுக் கோப்புகளில் 21 கட்டிகளுக்கானவை கிடைக்கவே இல்லை.

கம்ப்யூட்டர் படிக்கும் நமக்கு ‘டேட்டா போச்சு’ என்றால் மறுபடி ரன் பண்ணிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். சிவில் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். 150 மில்லிமீட்டர் கட்டி வார்க்க வேண்டும். 28 நாள் தண்ணீரில் ஊற வேண்டும். பிறகு உடைக்க வேண்டும். உடைத்த கட்டி குப்பைக்குப் போய்விடும். அந்த அழுத்தத்தில் அது எப்படி நடந்துகொண்டது என்பதற்கு உலகில் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கோப்புதான். அக்கா மறுபடி சிமென்ட் எடைபோட்டார், மறுபடி வார்த்தார், மறுபடி 28 நாள் காத்திருந்தார். அவருடைய ரிவ்யூ தள்ளிப்போனது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பெஞ்சில் எட்டுப் பேர்

என் கதையை அபூர்வம் என்று நினைக்காதீர்கள். இதே 512-4096 குழப்பம் இன்னொரு வடிவத்தில், சத்தமே இல்லாமல், இன்னும் எத்தனையோ பழைய கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஒரு ஹாலில் ஒவ்வொரு பெஞ்சிலும் எட்டுப் பேர் உட்காரலாம் என்று வையுங்கள். முதல் பெஞ்சில் 0 முதல் 7 வரை, அடுத்ததில் 8 முதல் 15 வரை. உங்களிடம் எட்டெட்டுப் பேராகக் குழுக்கள் வருகின்றன. முதல் குழுவை 64-ம் இடத்திலிருந்து உட்கார வைத்தால் ஒவ்வொரு குழுவும் ஒரு பெஞ்சில் அழகாக அடங்கும். 63-ம் இடத்திலிருந்து உட்கார வைத்தால்? ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் ஒரு பெஞ்சின் ஓரத்தில், மீதி ஏழு பேர் அடுத்த பெஞ்சில். கடைசிக் குழு வரை இதே கதை. ஒரு குழுவை எழுப்ப இரண்டு பெஞ்சைக் கலைக்க வேண்டும்.

எக்ஸ்பி இன்ஸ்டால் செய்யும்போது முதல் பார்ட்டிஷனைச் சரியாக 63-ம் செக்டரில்தான் தொடங்கும். ஒரு டிராக்கில் 63 செக்டர் என்ற பழைய பயாஸ் காலத்துக் கணக்கு அது. 512 பைட் டிஸ்க்கில் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. 4096 டிஸ்க்கில், 4 கேபி எழுதச் சொன்னாலும் இரண்டு பெரிய செக்டர்களைப் படித்து, பகுதியை மாற்றி, திரும்ப எழுத வேண்டும். கம்ப்யூட்டர் வேலை செய்யும், ஆனால் நொண்டும். ‘எக்ஸ்பி பழசு, அப்படித்தான் இருக்கும்’ என்று நாம் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். விஸ்டா முதல் 2048-ம் செக்டரில் தொடங்குவதால் இந்தத் தொல்லை இல்லை; 2048 எட்டால் வகுபடும் எண்.

இன்னும் இரண்டு சுவர்களையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஏடிஏ முறையில் செக்டர் எண்ணுக்கு 28 பிட்தான். எல்லை 137 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 128 ஜிபி. 2001-ல் வந்த முதல் எக்ஸ்பி சிடிக்கு அதற்கு மேல் தெரியாது; 2002-ல் சர்வீஸ் பேக் 1 வந்தபிறகுதான் 48 பிட் புரிந்தது. 28 பிட் மட்டுமே தெரிந்த சிஸ்டம் அந்த எல்லையைத் தாண்டி நீளும் பார்ட்டிஷனில் எழுதினால், எண்ணின் மேல் பிட்டுகள் உதிர்ந்து, எழுத்து டிஸ்க்கின் தொடக்கத்துக்கே போய் விழும் ஆபத்து உண்டு. வாலில் எழுதப் போய்த் தலையை அழித்துக்கொள்வது. உங்கள் லேப் பீரோவில் இருப்பது எந்தச் சிடி என்று ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது, டிஸ்க்கோடு பேசும் முறை. சாட்டா டிஸ்க் ஏஹெச்சிஐ முறையில் இருந்தால் எக்ஸ்பி சிடிக்கு அது கண்ணுக்கே தெரியாது, அல்லது 7பி என்ற நீலத்திரை வரும். பயாஸில் ஐடிஇ முறைக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் எஃப்6 அழுத்தி, ஃப்ளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும். ஃப்ளாப்பிக்கு எங்கே போவது? விண்டோஸ் 7-ன் இன்ஸ்டால் டிவிடிக்கும் என்விஎம்இ டிஸ்க் விஷயத்தில் இதே நிலைதான்.

‘முடியாது’ என்று சொல்வது தப்பில்லை

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன பிரச்சினைகளை இரண்டு கூடையில் போடலாம். ஒரு கூடையில், நீலத்திரை காட்டுவது, ‘டிஸ்க் இல்லை’ என்று அடம்பிடிப்பது. இன்னொரு கூடையில், 63-ம் செக்டர் நொண்டல், 137 ஜிபி சுற்று, ‘ஃபார்மேட் பண்ணவா’ பெட்டி.

நமக்குக் கோபம் வருவது முதல் கூடை மேல். ‘என்னடா, ஒரு டிஸ்க் மாட்ட முடியல’ என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், நீலத்திரையால் எந்த அக்காவின் டேட்டாவும் போகவில்லை. அது நம்மை வாசலிலேயே நிறுத்தியது. இரண்டாவது கூடைதான் சிரித்த முகத்தோடு உள்ளே கூட்டிப்போய்க் கழுத்தை அறுப்பது. பொருந்தாமல் போவதைவிட, பொருந்திவிட்ட மாதிரி நடிப்பது ஆபத்து.

நாளை நீங்களும் நானும் டிரைவர் எழுதுவோம், ஃபர்ம்வேர் எழுதுவோம், ஏதோ ஒரு ஃபைல் ஃபார்மேட் வடிவமைப்போம். பழையதோடு பொருந்துவதற்காக ஒரு பொய் சொல்ல வேண்டிய நேரம் வரும். சொல்லுங்கள், தப்பில்லை, 512இ இல்லாமல் போயிருந்தால் உலகம் நின்றிருக்கும். ஆனால் பொய் சொன்ன இடத்தில் ஓர் அடையாளம் வையுங்கள். அந்தப் பெட்டியின் மேல் ‘இதற்குள் இருக்கும் டிஸ்க்கைத் தனியாக மாட்டாதீர்கள்’ என்று ஒரு ஸ்டிக்கர் இருந்திருந்தால், என் ஸ்க்ரூடிரைவர் நின்றிருக்கும். புரியாத பார்ட்டிஷனைப் பார்த்தால் ‘எனக்குப் புரியவில்லை’ என்று மட்டும் சொல்லும் சிஸ்டம் எழுதுங்கள். ‘அழிக்கட்டுமா?’ என்பது அதன் அடுத்த வாக்கியமாக இருக்க வேண்டாம்.

இன்னொன்று, நம் பாடத்திட்டம் பற்றி. ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் டிஸ்க் ஷெட்யூலிங் நம் எல்லாருக்கும் பிடித்த 13 மார்க். 200 சிலிண்டர், ஹெட் 53-ல் நிற்கிறது, எத்தனை சிலிண்டர் நகர்ந்தது? தூக்கத்தில் கேட்டாலும் போட்டுவிடுவோம். நானும் முழு மார்க் வாங்கியவன்தான். ஆனால் இன்றைய டிஸ்க் தன் சிலிண்டர் எதையும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் காட்டுவதே இல்லை. வரிசை எண் போட்ட செக்டர்களை மட்டும்தான் காட்டுகிறது. அந்தக் கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, யோசிக்கப் பழக்கும். ஆனால் லாஜிக்கல் செக்டர், ஃபிசிக்கல் செக்டர் என்று இரண்டு உண்டு என்பதையும், எம்பிஆர் ஏன் 2.2 டிபியில் நிற்கிறது என்பதையும் ஒரே ஒரு லேப் வகுப்பில், ஒரு பழைய டிஸ்க்கைக் கையில் கொடுத்துக் காட்டினால் என்ன? லேப் பீரோவில் தூசு பிடித்த டிஸ்க் இல்லாத கல்லூரி உண்டா?

‘எக்ஸ்பியைத் தூக்கிப்போடு’ என்பவர்களுக்கு

“மச்சான், 2014 ஏப்ரல் 8-ஓட எக்ஸ்பி சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. இன்னும் அதை வச்சிருந்தது உங்க தப்பு” என்று என் அறைத்தோழன் சொன்னான். பாதி உண்மை. இன்டர்நெட்டில் எக்ஸ்பியை இணைப்பது தப்புதான். ஆனால் அந்த ஆய்வகத்தில் உண்மையான இயந்திரம் கம்ப்யூட்டர் இல்லை. கான்கிரீட்டை நசுக்கும் அந்த இரும்புதான். அது லட்சக்கணக்கில் விலை, இன்னும் இருபது வருஷம் உழைக்கும். ஒரு சின்ன கார்டுக்குப் புது டிரைவர் இல்லை என்பதற்காக அதைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்வது இன்ஜினியரிங் இல்லை.

இன்னொரு பக்கம், “கம்பெனிக்காரன் எல்லாப் பழைய சிஸ்டத்துக்கும் பொருந்துற மாதிரிதான் டிஸ்க் செய்யணும்” என்பதும் நியாயமில்லை. 512-ஐ எத்தனை வருஷம் சுமப்பது? 4096-ஐ வெளிப்படையாகவே சொல்லும் 4கேஎன் டிஸ்க்குகளும் வந்துவிட்டன. விண்டோஸ் 8-லிருந்துதான் அவற்றுக்கு ஆதரவு. மாற்றம் வரத்தான் செய்யும். இயந்திரம் நம்முடையது, டேட்டா நம்முடையது. நடுவில் இருக்கும் இடைவெளியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியதும் நாம்தான்.

இது எக்ஸ்பியோடு முடியும் கதையும் இல்லை. விண்டோஸ் 7 சப்போர்ட் 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இன்று நம் லேப்பில் ‘புது கம்ப்யூட்டர்’ என்று நாம் சொல்வது பலவும் இப்போதே பழைய கம்ப்யூட்டர் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

இந்த வாரமே செய்யக்கூடியவை

1. உங்கள் துறை ஆய்வகங்களில் ஏதாவது இயந்திரத்தோடு இணைந்த பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அது உயிரோடு இருக்கும்போதே லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுத்து வையுங்கள். குளோன்ஸில்லா போதும். டிஸ்க் செத்தபிறகு எக்ஸ்பி சிடி தேடுவதைவிட இது எளிது.

2. மாற்று டிஸ்க் வாங்கும்போது ‘பெருசா வாங்குவோமே’ என்ற ஆசையை விடுங்கள். எக்ஸ்பிக்கு 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி தாராளம், 2.2 டிபி சுவருக்கும் 137 ஜிபி சுவருக்கும் உள்ளேயே இருக்கும். எக்ஸ்பிக்கு டிரிம் தெரியாது என்பது மட்டும் ஒரு குறை. பழைய ஐடிஇ கேபிள் என்றால் ஒரு கன்வர்ட்டர் வேண்டும்.

3. பார்ட்டிஷனை எக்ஸ்பி சிடியில் உருவாக்காதீர்கள். புது சிஸ்டத்திலோ லினக்ஸிலோ 2048-ம் செக்டரில் தொடங்கி உருவாக்கிவிட்டு, பிறகு அதற்குள் எக்ஸ்பியைப் போடுங்கள்.

4. எந்த டிஸ்க்கையும் தொடும் முன் லினக்ஸில் எஃப்டிஸ்க் கொடுத்துப் பாருங்கள். லாஜிக்கல், ஃபிசிக்கல் என்று இரண்டு செக்டர் அளவையும் ஒரே வரியில் காட்டும். எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் பெட்டியோடு ஒருமுறை பார்த்து, அந்த எண்ணை மார்க்கரால் பெட்டி மேலேயே எழுதிவிடுங்கள்.

5. அளவு விசித்திரமாக வந்தால் கால்குலேட்டரை எடுங்கள். எட்டில் ஒரு பங்கா? 2.2 டிபி கழித்தால் வருகிறதா? 128 ஜிபியில் நிற்கிறதா? கணக்குச் சரியாக வந்தால், டேட்டா பெரும்பாலும் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. ஒன்றும் எழுதாமல் கையை எடுத்துவிடுங்கள்.

6. ‘ஃபார்மேட் பண்ணவா?’ வந்தால் ‘நோ’. தெரியாவிட்டாலும் ‘நோ’. யாராவது பின்னால் நின்று அவசரப்படுத்தினால் கண்டிப்பாக ‘நோ’.

அக்காவின் புதுக் கட்டிகள் 28 நாள் முடிந்து வந்த அன்று என்னையும் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு கட்டி உடைந்ததும் கோப்பை இரண்டு பென்டிரைவில் காப்பி எடுப்பது என் வேலை. மாலை வரை நின்று எடுத்தேன். கிளம்பும்போது லேப் அண்ணன் ஒரு பென்டிரைவை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, “இன்னொன்னு உன்கிட்டயே இருக்கட்டும்பா” என்றார். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் முதலில் அளவைத்தான் பார்க்கிறேன்.

உங்கள் லேப்பிலும் அப்படி ஒரு மூலைக் கம்ப்யூட்டர் இருக்கும். நாளைக்கு ஒரு நடை போய், “அண்ணா, இதுக்கு பேக்கப் இருக்கா?”ன்னு கேட்டுட்டு வாங்க. இல்லைன்னு சொன்னா, ஸ்க்ரூடிரைவரை அறையில் வைத்துவிட்டு ஒரு காலி டிஸ்க்கோடு போங்க.